தாஜாவுக்கு விதிமுறை கிடையாது

தாஜா என்ற சொல்லைக் கடைசியாக யார் வாயிலிருந்து கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அது அருகிக்கொண்டு வருகிறது. என் மகன் "கன்வின்ஸ் பண்ணுங்கப்பா" என்கிறான். ஆஸ்பத்திரியில் அதற்குக் கவுன்சிலிங் என்று பெயர். மகளிர் குழுவில் மோட்டிவேஷன் என்கிறார்கள், அதற்கு டீயும் பிஸ்கட்டும் உண்டு. மூன்றிலுமே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற வாடை வருகிறது. தாஜாவுக்கு நாற்காலி வேண்டியதில்லை. வாசலில் நின்றுகொண்டே செய்யலாம், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டும் செய்யலாம்.

வருவாய்த் துறையில் முப்பது சொச்சம் வருஷம் குப்பை கொட்டியவன் நான். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். எதையும் வரையறுக்காமல் விட மனசு வராது. ஐஸ் வைப்பது என்பது மேலே இருப்பவருக்குச் செய்வது. அவர் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தாலும் வைக்கலாம், குளிர்ச்சி குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். காக்கா பிடிப்பதில் ஒரு காரியம் இருக்கும், காரியம் முடிந்ததும் காக்காவைப் பறக்க விட்டுவிடலாம். தாஜா இந்தக் கணக்கில் வராது. தாஜாவுக்கு முதலில் ஒருவர் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவரை விட்டால் நமக்கு வேறு ஆள் இல்லை என்றும் இருக்க வேண்டும். இவ்வளவும் கூடி வந்தால்தான் தாஜா.

சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. உருது என்பார்கள். அதில் புதுசு, வாடாதது என்று பொருள்படும் ஒரு சொல் இருப்பதாகவும் அதற்கும் இதற்கும் உறவு என்றும் அலுவலகத்தில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். ஆதாரம் கேட்டேன், கோபித்துக்கொண்டார். அவரையும் தாஜா செய்ய வேண்டியதாயிற்று. அதை நான் செய்யவில்லை. எனக்கு அது வராது. பக்கத்து மேசைக்காரர்தான் செய்தார்.

எனக்கு வராது என்பதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, ஏனென்றால் வீட்டில் அதற்கு ஆள் இருந்தது.

என் மனைவி உப்பளக்காரர் வீட்டு ஒரே பெண். கல்யாணமாகி வந்தபோது நகையோடு மரக்காணம் அளத்தில் ஒரு பங்கும் வந்தது. அரசு ஊழியன் என்பதால், மனைவி பேரில் உப்பளம் இருக்கிற விவரத்தை உரிய படிவத்தில் அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். அதற்கான பதில் நான் ஓய்வு பெற்ற அன்று வரை வரவில்லை. அதற்குள் அவள் அந்த அளத்தில் எத்தனையோ பருவம் உப்பு எடுத்துவிட்டாள்.

பொங்கல் முடிந்து மழைத்தண்ணீர் வடிந்ததும் எங்கள் பக்கம் பாத்தி மிதிப்பார்கள். ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும், இல்லாவிட்டால் சேறு கலந்த உப்புதான். அந்த மிதிக்கு ஆள் கூப்பிடுவதில் ஒரு முறை இருக்கிறது. அளத்துக்காரர்கள் நேராக வீட்டு வாசலுக்குப் போய் வாயால் கூப்பிட வேண்டும். போன் செல்லாது. ஆள் விட்டுச் சொல்வதும் செல்லாது. போன வருஷம் வந்தவர்கள்தானே, வருவார்கள் என்று இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். கேட்டால், "கூப்பிடாத வூட்டுக்கு நாங்க எதுக்குப் போறோம்" என்பார்கள்.

என் மனைவி அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போவாள். அலுவலகம் விட்டு வந்ததும் நான் ஸ்கூட்டரில் கூட்டிப் போவேன். வண்டியை நிறுத்தி வேலியோரமாக நின்றுகொள்வது என் வேலை. இப்போது நினைத்தால், அந்தச் சாயங்காலங்களைப் போல எனக்கு வேறொன்றும் இனிக்கவில்லை. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். எங்கேயோ மீன் வறுக்கிற வாசனை வரும். ஒரு பொறுப்பும் இல்லாமல், கையில் ஸ்கூட்டர் சாவியை ஆட்டிக்கொண்டு, உள்ளே என் மனைவி ஒரு மாட்டேனைச் சரியாக மாற்றுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாதா கோயில் தெருவில் ஒரு அக்கா இருந்தார், இப்போதும் இருக்கிறார். அளத்தில் பெண்களுக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. அவர் வந்தால் மற்றவர்கள் வருவார்கள். அதனால் ஒவ்வொரு தையிலும் முதலில் மாட்டேன் என்பவரும் அவர்தான். என் மனைவி அங்கே போய் உப்பைப் பற்றிப் பேசவே மாட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்பாள். ஆடு குட்டி போட்டதா என்பாள். தன் கால்வலியைச் சொல்லுவாள். மருமகனைப் பற்றி அந்த அக்கா சொல்லும் புகாரை முழுசாகக் கேட்டு, அவனை அவரைவிட ஒரு சொல் கூடுதலாகத் திட்டுவாள். அதற்குள் எனக்கு வெளியே கொசு கடிக்க ஆரம்பித்துவிடும். கடைசியில் புடவையை உதறிக்கொண்டு எழுந்திருப்பாள்.

"சரிக்கா, நான் வர்றேன். திங்கக்கெழம பாத்தி மிதிக்கிறாங்க. உனுக்குத்தான் முட்டி வலியாச்சே, நீ வர வேணாம்."

"எனுக்கு முட்டி வலின்னு உங்கையில எவ சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு வேற வேல இல்ல. நான் வராம அங்க எவளுக்கு மெரிக்கத் தெரியும்?"

திங்கட்கிழமை விடிவதற்குள் அந்த அக்கா அளத்தில் இருப்பார். தான் ஏமாந்துபோய் வந்ததாக அவர் நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "நான் வரலைன்னுதான் சொன்னேன், வூட்டுக்கு வந்து தாஜா பண்ணி இட்டாந்தாங்க" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்வார். பதக்கம் குத்திக்கொண்டவர்கள் அந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

ஒரு வருஷம் என் மனைவிக்குக் காய்ச்சல். நான் போய் வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. வீடு வீடாக வாசலில் நின்று, திங்கட்கிழமை பணி தொடங்குகிறது, காலை ஆறு மணிக்கு வந்துவிடவும் என்று தெளிவாக, மரியாதையாக, ஒரே மாதிரியாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை அளத்தில் நானும் ஒரு நாயும் நின்றிருந்தோம். விசாரித்ததில், சார் நோட்டீஸ் கொடுக்க வந்தார் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம். ஒருவர் பயந்துபோய் வீட்டு வரி ரசீதைத் தேடி எடுத்து வைத்திருந்தார். சாயங்காலம் அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். மறுநாள் வந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கண் போக ஆரம்பித்தது.

உப்பளத்து வெயில் மேலேயிருந்து மட்டும் அடிப்பதில்லை, பாத்தியிலிருந்து திரும்பவும் அடிக்கும். அவள் அப்பா காலத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டால் சினிமாக்காரன் என்று சிரிப்பார்கள். அவளும் போட்டதில்லை. முதலில் எதிரே வருபவர்கள் பேசும் வரை யாரென்று தெரியாமல் நின்றாள். பிறகு அரிசியில் கல் நிற்க ஆரம்பித்தது. கேட்டால் கடைக்காரனைத் திட்டினாள். நானும் கடைக்காரரை மாற்றினேன்.

போன வருஷம் சித்திரையில், உப்பு நன்றாக விளைகிற சமயம், ஒரு நாள் மத்தியானம் அவள் வரப்பிலிருந்து இறங்கி நேராகப் பாத்திக்குள் நடந்துவிட்டாள். மறுநாள் உப்பு வார வேண்டிய பாத்தி. விளைந்து நிற்கும் பாத்தியில் அளத்துப் பிள்ளைகள்கூடக் கால் வைக்க மாட்டார்கள். தரை உடைந்து சேறு மேலே வந்தால் மொத்த உப்பும் பழுப்பாகிவிடும். வரப்பில் சிந்தின உப்பும் வெள்ளை, பாத்தியும் வெள்ளை, அவளுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. நடுப்பாத்தி வரை போய்த்தான் காலடியில் நொறுங்குவதை உணர்ந்து நின்றிருக்கிறாள். அளத்தில் யாரும் சிரிக்கவில்லையாம். அவள்தான் சிரித்திருக்கிறாள். "இத ரெண்டு நாள் கழிச்சு வாரிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வரப்பேறியிருக்கிறாள்.

இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. அந்த அக்காதான் போன் செய்தார். அன்று ராத்திரி அவள் சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் இருந்தாள்.

புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு என்று சொல்லிக் கூட்டிப் போனேன், வந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை திரும்பாமலே போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார். பெண் டாக்டர், சின்ன வயது, பொறுமையாகத்தான் சொன்னார். என் மனைவி அவருக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று விசாரித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்துவிட்டாள்.

யோசித்ததெல்லாம் காரணங்களை. உப்பு எடுக்கிற காலம் என்றாள். அது முடிந்ததும் ஆடி என்றாள். ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஆபரேஷன் முடிந்தால் கொஞ்ச காலம் குனியக்கூடாது, தூசியில் நிற்கக்கூடாது, அளத்துப் பக்கமே போகக்கூடாது என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள். இடையில், அவள் சித்தி ஒருத்திக்கு அந்தக் காலத்து முகாமில் செய்த ஆபரேஷன் தப்பாகிப்போன கதையும் வந்தது. அந்தச் சித்தி ஒற்றைக் கண்ணோடு எங்கள் கல்யாணத்தில் முறுக்குச் சுட்டவர், எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வழியில் நான் ஆரம்பித்தேன். ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையில் மனைவி சேர்க்கப்பட்டிருக்கிற விவரம், முன் அனுமதி பெறும் முறை, ரத்தம் சர்க்கரை பார்ப்பது, சொட்டு மருந்து எப்போது, வீட்டுக்கு எப்போது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். ஒரு படியும் விட்டுப்போகவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "யாருக்கு ஆர்டர் போடுறீங்க" என்றாள்.

மகன் பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தான். ஆபரேஷன் எவ்வளவு சுலபம் என்று காட்ட ஒரு படம் அனுப்பினான். அதில் ஒரு கண், முகம் இல்லாமல், திரை முழுக்க இருந்தது. ஊசி மாதிரி ஒன்று அதை நோக்கி வந்தது. அவள் பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதோடு ஒரு மாதம் பின்னால் போயிற்று.

பிறகு மேஸ்திரி அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு நாள் வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"தண்ணி கேட்டாச்சா," என்றாள் என் மனைவி. "அடுத்து முட்டி வலி. அப்பறம் உன் மருமவன். கடைசில, நீ ஆபரேஷனுக்குப் போவ வேணாம்னு சொல்லிட்டு எழுந்திருப்ப. யாருகிட்ட கத்துக்கிட்டு யாருகிட்ட வர்றக்கா?"

இருவரும் சிரித்தார்கள். காபி குடித்துவிட்டு அந்த அக்கா போய்விட்டார். போகும்போது என்னிடம், "சார், இது நம்மளால ஆவாது, கம்பெனி ஓனர்கிட்டயே அவங்க சரக்க விக்க முடியுமா" என்றார்.

மேல்முறையீட்டுக்கு வழியில்லாத இடத்தில் அதிகாரிகள் என்ன செய்வார்களோ அதை நான் செய்தேன். குறுக்கு வழி. இடையஞ்சாவடியில் இருக்கும் அவள் ஒன்றுவிட்ட தங்கைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று வாடகைக் காரில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லியாகிவிட்டது. காரோட்டியிடம் எல்லாம் பேசி வைத்திருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்புத்துப்பட்டு தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திடீரென்று காரோட்டியிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏம்பா, எப்ப வலது பக்கம் திரும்பப் போற?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

"கடக்காத்து இன்னும் இந்தக் காதுலதான் அடிக்குது," என்று இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இடையஞ்சாவடிக்குத் திரும்பியிருந்தா முதுகுல இல்ல அடிச்சிருக்கணும். நிறுத்து."

சவுக்குத் தோப்போரம் ஒரு இளநீர்க் கடை இருந்தது. அங்கே நிறுத்தினார். அவள் இறங்கி, தடவிப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு இளநீர் சொன்னாள். வெட்டுகிறவரிடம் வழுக்கையாகப் பார்த்து வெட்டச் சொன்னாள். குடித்து முடித்துக் கூட்டைக் கீழே வைத்தாள்.

"ஏமாத்தறது வேற, தாஜா வேறங்க," என்றாள். "ஏமாத்துனா அவங்களுக்குத் தெரியக்கூடாது. தாஜா பண்ணா அவங்களுக்குத் தெரியணும். நம்மளத் தேடி வந்து, நமக்காக மெனக்கெட்டு, பொய்யும் நெஜமுமா இம்மாம் பேசுறாங்களேன்னு தெரிஞ்சாத்தான் மனசு எறங்கும். அந்த அக்காவுக்கு வருசா வருசம் தெரியும். தெரிஞ்சிதான் வருது."

நான் ஆமாம் என்றேன்.

"நான் ஊரையே தாஜா பண்ணியிருக்கேன். உங்க ஆபீசரு சம்சாரம் வரைக்கும். என்னை யாரு பண்ணாங்க? நான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டா நீங்க டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு ஆபீசுக்குக் கெளம்பிடுவீங்க. மாட்டேன்னு சொன்னா, சரின்னு ஃபைல மூடிடுவீங்க. சாயங்காலம் நானே எழுந்து காபி போடுவேன்."

இதற்கு மறுப்புத் தெரிவிக்க முகாந்திரம் ஏதும் இல்லை. இளநீர் வெட்டுகிறவர் கத்தியை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் திரும்பிவிட்டது. படுக்கை வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னேன்.

மறுநாள் காலை நான் காபி போட்டுக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆரம்பிச்சாச்சா?"

"ஆச்சு."

"சக்கர ஜாஸ்தி. பரவால்ல, பேசுங்க."

இந்த ஊரில் அவளைப் போல அளம் நடத்துகிறவர் யாருமில்லை என்றேன். இது ஐஸ் என்றாள். கண் சரியானதும் அவள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு பயணம் போகலாம் என்றேன். இது லஞ்சம் என்றாள். இப்படியே விட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தபோது, இது மிரட்டல், இதை உங்கள் ஆபீசில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒவ்வொரு நாளும் ஏதாவது முயன்றேன், ஒவ்வொரு நாளும் தள்ளுபடி. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலையில் நான் காபியோடு வருவதற்கு முன்பே அவள் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருப்பாள்.

புரட்டாசிக் கடைசியில் மேகம் கட்ட ஆரம்பித்தது. உப்புக் குவியல்களுக்குக் கீற்று வேய்கிற சமயம். மழை இறங்குவதற்குள் வேய்ந்து கட்டாவிட்டால் வருஷத்து உப்பும் கரைந்துபோகும். அவள் வேய்ந்த குவியல்களைச் சுற்றி வந்தாள். பார்க்க முடியாததால் கையால் கீற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். நான் கூடவே நடந்தேன். தெற்குப் பக்கம் எல்லாம் மூடியாகிவிட்டதா என்று கேட்டாள். நான் பார்த்து, மூடியாகிவிட்டது என்றேன்.

"எங்க மூடிச்சு?" என்று பின்னாலிருந்து மேஸ்திரி அக்காவின் குரல் வந்தது. "அந்தாண்ட ஆளு பூர்ற மாரி சந்து இருக்குது. சார் கண்ணுக்கு ஓலையப் பாத்தாலே மூடினாப்லதான்."

ஆட்கள் போய்ச் சந்தை அடைத்தார்கள். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அது என்னவோ செய்தது. முன்பெல்லாம் இதற்குக் குறைந்தது ஒரு வாரம் பேச்சு வாங்கியிருப்பேன். இப்போது என் கண்ணை நம்பித்தான் ஆக வேண்டும் என்று ஒத்துக்கொண்டவள் மாதிரிப் பேசாமல் நின்றாள்.

திரும்பும்போது வரப்பு குறுகலாக இருந்ததால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கி நீ பாத்தியில எறங்கினப்ப அந்தக்கா எனக்குப் போன் பண்ணாங்க. அன்னியிலேர்ந்து நீ தெருவுல எறங்கினா, திரும்பி வர்ற வரைக்கும் நான் பேப்பர்ல ஒரே பக்கத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிறேன். என்ன போட்டிருக்குதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. இந்த வயசுல என்னால இதைத் தாங்க முடியல. எனக்குப் பயமா இருக்குது. எனக்காக வா."

தோளில் இருந்த கை அப்படியே இருந்தது. ரோடு வரை வந்துவிட்டோம்.

"இது தாஜாவா?"

"தாஜாதான்."

"பொய்யே இல்லியே இதுல."

"பேப்பர்ல ஒண்ணுமே தெரியாதுன்னது பொய். ராசிபலன் மட்டும் படிச்சிடுவேன். உன்னோடதையும்."

அவள் சிரித்தாள். நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காக வான்னு சொன்னீங்க பாருங்க. அத ஆனி மாசமே சொல்லியிருந்தா, முறுக்கு சுட்ட சித்தியெல்லாம் நடுவுல எதுக்கு வர்றாங்க?"

தீபாவளிக்கு முன்னாலேயே வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. எனக்குத் தெரிந்த நடைமுறைகளெல்லாம் அன்று பயன்பட்டன. ஒரு கையெழுத்துக்கும் நாங்கள் திரும்ப வர வேண்டியிருக்கவில்லை. அதை யாரும் பாராட்டவில்லை. உள்ளே போகும் முன் என் மனைவி, வரிசையில் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அவர் பேரனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். அவரும் அழுகையை நிறுத்திவிட்டுப் பேரனின் குறும்புகளைச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

இந்தத் தையில் வழக்கம்போல மிதிக்கு ஆள் கூப்பிடப் போனோம். ஸ்கூட்டர் பழசு, நானும் பழசு, மெதுவாகத்தான் போனோம். மாதா கோயில் தெருவில் வேலியோரம் அதே இடத்தில் நின்றேன். என் மனைவி உள்ளே போனதும் தண்ணீர் கேட்கவில்லை.

"இன்னாக்கா, இப்பிடி நரைச்சிட்ட?"

"நான் நரைச்சி நாலு வருசம் ஆவுது. நீதான் பாக்கல."

பிறகு இரண்டு பேரும் மருமகனைத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் சாவியை ஆட்டிக்கொண்டு, கொசு கடித்ததைக்கூடச் சொல்லாமல் நின்றிருந்தேன். அவ்வளவு நேரம் நிற்க முடிந்ததில் எனக்கே ஆச்சரியம்.

போன வாரம் மறுபடி பரிசோதனைக்குப் போனோம். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணையும் இந்த வருஷமே செய்துவிட்டால் நல்லது, தள்ளிப்போட வேண்டாம் என்றார் அந்தச் சின்ன டாக்டர். எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவளிடமே கேட்டார்.

"அத என்கிட்ட இவரு இன்னும் கேக்கலம்மா," என்றாள் என் மனைவி, என்னைக் காட்டி. டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நீங்கள் கவுன்சிலிங் கொடுங்கள் சார் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, போர்டு போர்டாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். வலது கண்ணால்தான். இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்க மாட்டேன். கீழ்புத்துப்பட்டு நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏம்மா" என்று ஆரம்பித்தேன்.

"பஸ்ல வேணாங்க, நாலு பேரு கேப்பாங்க," என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே. "வூட்டுக்கு வந்து நிதானமா பண்ணுங்க."